இடப்பக்கத்து வாக்கியங்கள்

அலுவலகத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை என்று சொன்னார்கள். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்கள். மொழிபெயர்ப்பை இயந்திரமே செய்துவிடுகிறது. ஒருவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், அவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது புதிதாகச் சேர்ந்த இருவர் கேட்டார்கள்: "இத்தன வருசமா அப்படி என்னத்த சார் சரிபாத்தீங்க?" அதில் கொஞ்சம் கேலி இருந்தது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. அங்கேயே நின்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பொதுவாகத் தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை. எங்கள் தெருவில் குழாய் பதித்த நாள், பழைய அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து குளித்துக்கொண்டிருந்தவர்களை மேலே ஏற்றிய நாள், தென்காசி தனி மாவட்டமான பிறகு முதன்முதலாக ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போன நாள், எல்லாவற்றையும் தேதி சொல்லிச் சொல்லக்கூடியவன். ஆனால் இந்தக் கட்டுரையில் கிழமையும் தமிழ் மாதமும் மட்டுமே வரும். நாடுகளின் பெயரும் வராது. தேதியையோ பெயரையோ சொன்னால் எந்தத் தேர்தல் என்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்த கையோடு, அங்கே யார் ஜெயித்தால் நமக்கு நல்லது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அப்படி யோசிக்கத் தொடங்கினால் மனிதர் என்ன ஆகிறார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

என் தொழிலின் முதல் பாதி திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் கழிந்தது. ஆங்கிலத்தில் வந்து விழும் செய்தியைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். அங்கே கற்றது வேகம். வேகத்தோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. நமக்குப் பிடித்த நாடு அடுத்த நாட்டில் ஏதாவது செய்தால் 'உதவி' என்று எழுதுவோம். பிடிக்காத நாடு அதையே செய்தால் 'தலையீடு' என்போம். யாரும் அப்படி எழுதச் சொன்னதில்லை. பேனா தானாகவே அப்படித்தான் போகும்.

இரண்டாவது பாதி தென்காசியில். பீர் முகமது அண்ணாச்சி வளைகுடாவில் ஒரு சட்ட மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கோயில் வாசலிலிருந்து பேருந்து நிலையம் போகிற வழியில் ஒரு மாடியைப் பிடித்து மொழிபெயர்ப்பு அலுவலகம் தொடங்கினார். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. பிறப்புச் சான்று, நிக்காஹ் பதிவு, பட்டம், நீதிமன்றத் தீர்ப்பு என்று வந்துகொண்டே இருக்கும்.

அவருடைய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மொழிபெயர்ப்பார். இன்னொருவர் அதைச் சத்தமாகப் படிக்க, முதலாமவர் மூலத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். மூன்றாவதாக அது அண்ணாச்சியின் மேசைக்குப் போகும். அவர் வெள்ளைக் காகிதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் வைத்திருப்பார். ஆட்களின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் ஒரு துண்டை வைத்து மூடிவிட்டுப் படிப்பார். உதட்டை அசைக்காமல், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அவசரமே இல்லாமல் படிப்பார். எதிரில் நிற்கிறவர்களுக்குக் கால் கடுக்கும். பெயர்களை எடுத்துவிட்டாலும் எந்தப் பக்கம் நல்லவன், எந்தப் பக்கம் கெட்டவன் என்று எழுத்து காட்டிக்கொடுத்தால், தாள் திரும்பி வரும். "பேரப் பாத்தா மனசு கச்சி சேந்துரும் தம்பி. அதான் மூடுதேன்" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் அண்ணன் தம்பி இருவரின் சொத்துத் தகராறுத் தீர்ப்பு ஒன்று வந்தது. அண்ணன் ஊரில் மரியாதைக்குரிய ஆள். இருவரைப் பற்றியும் நீதிபதி ஒரே ஆங்கில வினைச்சொல்லைத்தான் போட்டிருந்தார். என் தமிழில் அண்ணன் நிலத்தை 'எடுத்துக்கொண்டார்', தம்பி நிலத்தை 'அபகரித்தார்'. அண்ணாச்சி துண்டுகளை வைத்துப் படித்துவிட்டு, "இதுல எடுத்துக்கொண்டவரு உமக்குச் சொந்தமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பத்திரிகைக்காரக் கை இன்னும் போகல" என்றார்.

அரசியலில் எங்கள் இருவருக்கும் பழைமைப் போக்குதான். இருக்கிற ஏற்பாட்டை அவசரப்பட்டு இடிக்கக் கூடாது, வரப்பு என்றால் வரப்பு, தன் வீட்டை ஒழுங்காக நடத்துகிறவன்தான் அடுத்தவனுக்குப் புத்தி சொல்லலாம் என்கிற கட்சி. மூன்றாவதாக என் மனைவியின் தம்பி சங்கரபாண்டியனையும் சேர்க்க வேண்டும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கைபேசியில் நாட்டு நடப்பை எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். மூவரும் ஒரே கருத்துக்காரர்கள் என்றே நான் நம்பியிருந்தேன்.

சித்திரையில் ஒரு வேலை வந்தது. அனுப்பியது ஒரு வெளிநாட்டு நகரத்தில் இருந்த விளம்பர முகமை. கடல் தாண்டிய ஒரு சிறிய நாட்டில் தேர்தல் வருகிறது, அங்கே தமிழ் பேசும் வாக்காளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடையே பரவும் வதந்திகளை முறியடிக்க விழிப்புணர்வு வாசகங்கள் வேண்டும் என்றார்கள். நல்ல காரியம் என்று எடுத்துக்கொண்டோம்.

அட்டவணையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் வதந்தி, வலப்பக்கம் விளக்கம். புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் வாக்களிக்கப் போனால் காகிதங்களை மறுபடி சோதிப்பார்கள், பிழை இருந்தால் குடியுரிமை போய்விடும் என்று இடப்பக்கம் ஒரு வதந்தி இருக்கும். அப்படி ஒரு விதியே இல்லை, குடியுரிமை பெற்ற யாவரும் அச்சமின்றி வாக்களிக்கலாம் என்று வலப்பக்கம் விளக்கம் இருக்கும். கூடவே ஒரு குறிப்பும் இருந்தது: விளக்கம் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வதந்தி மட்டும் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல உயிரோடு இருக்க வேண்டும். வாசகருக்கு, ஆமாம், இதை நானும் கேட்டிருக்கிறேன் என்று தோன்றினால்தானே விளக்கத்தைப் படிப்பார்? காரணம் சரியாகவே பட்டது.

பேச்சுத் தமிழ் என்றால் எங்கள் அலுவலகத்தில் ரோஸ்லின்தான். சுரண்டைப் பக்கத்துப் பெண். ஒருவர் பேசுவதை ஒருமுறை கேட்டால் அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். வதந்திகளை அவள் எழுதினாள், விளக்கங்களை நான் எழுதினேன். அவள் எழுதிய ஒரு வரி இப்போதும் எனக்கு மனப்பாடம்: 'வலியப் போயி மாட்டிக்கிடுததுக்கு நாம என்ன கோட்டியா? பேசாம வீட்டுல இருப்போம்.'

அதில் எனக்கு ஒரு தயக்கம். பைத்தியத்தைக் கோட்டி என்று சொல்வது நம் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கு. கடல் தாண்டிய நாட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'பைத்தியமா' என்று மாற்றலாம் என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். முகமையில் எங்களோடு தொடர்பில் இருந்தவர் பிரசன்னா என்ற தமிழ் இளைஞர். ரொம்பப் பணிவானவர். "அந்த வேர்ட் அப்படியே இருக்கட்டும் சார், நேச்சுரலா இருக்கு" என்றார். வார்த்தை அப்படியே நின்றது.

பெயர்த் துண்டுகளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அண்ணாச்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதுல யாரு பேசுதான்னே இல்லையே தம்பி, எத மூட?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் விளக்கங்களை எல்லாம் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆனி பிறந்து சாரல் கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சங்கரபாண்டியனும் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று விடவில்லை. ஐந்தருவிக்குப் போய், எண்ணெய் தேய்த்த உடம்போடு வரிசையில் நின்றோம். அந்த வாரம், நம் நாட்டுத் தேர்தலில் ஒரு வெளிநாட்டு அரசு மறைவாகப் பணமும் பொய்யும் இறக்குகிறது என்ற பேச்சு எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சங்கரபாண்டியன் நம்பினான். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டு வந்தான்.

"எவனா இருந்தாலும் சரி அத்தான். நம்ம வீட்டுக்குள்ள வந்து அடுப்புல இருக்க சட்டியத் தொறந்து பாக்கதுக்கு அவனுக்கு என்ன உரிமை? நாம கூழு குடிப்போம், கஞ்சி குடிப்போம், அவனுக்கென்ன?"

நானும் ஒத்துக்கொண்டேன். நான் படித்த சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது என்றேன். நம் பக்கத்துப் பாளையங்களில் யார் பட்டத்துக்கு வருவது என்று வெளியிலிருந்து வந்தவன் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகு பாளையம் பாளையமாகவா இருந்தது? முதலில் ஒரு வாரிசுக்கு ஆதரவு என்பான், அடுத்து அவனுக்குக் கடன் கொடுப்பான், பிறகு கோட்டையை இடிப்பான். எனக்கு முன்னால் நின்றிருந்த கோவில்பட்டிக்காரர் ஒருவர் திரும்பி, "சார், கோட்டைய அப்புறம் இடிக்கலாம், வரிச நகருது பாருங்க" என்றார்.

அதற்கு மறுநாள் திங்கட்கிழமை. நான் மாடி ஏறியபோது ரோஸ்லின் தன் இடத்தில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. கைபேசியை என்னிடம் நீட்டி, "சார், இதப் படிங்க" என்றாள்.

அவளுடைய அக்கா ஸ்டெல்லா கல்யாணமாகி அந்தச் சிறிய நாட்டுக்குத்தான் போயிருந்தார். இது எங்களுக்குத் தெரியும். வேலை வந்தபோது ரோஸ்லின் மகிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தையல் வேலை செய்து, மொழி கற்று, ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து, அக்கா போன வருடம்தான் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தார். வரப்போவது அவருடைய முதல் ஓட்டு. அதற்கென்று ஒரு புடவை எடுத்து வைத்திருப்பதாக ரோஸ்லினிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அக்கா அனுப்பியிருந்த செய்தியில் ஒரு பெண்ணின் புகைப்படம். ஐம்பது வயது இருக்கலாம். சமையலறையில் நின்று எடுத்தது. கீழே அவள் பேசுவதுபோல ஒரு நீளமான பதிவு. இடப்பக்கத்து வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நின்றன. காகிதங்களை மறுபடி சோதிப்பார்கள். போன தடவை எங்கள் தெருவில் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளின் படிப்புக்குப் பிரச்சினை வரும். கடைசியில், வலியப் போயி மாட்டிக்கிடுததுக்கு நாம என்ன கோட்டியா?

வலப்பக்கத்து வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

அக்கா அதற்குக் கீழே எழுதியிருந்தார்: 'இந்த அம்மா நம்ம ஊர்ப்பக்கம் போல இருக்கு. கோட்டின்னு சொல்லுது பாரு. நம்ம ஆளு சொன்னா உண்மையாத்தான் இருக்கும். நான் ஓட்டுப் போடப் போகலட்டீ.'

நான் மாற்றச் சொன்ன சொல். அந்த நாட்டுத் தமிழர்களுக்கு அது ஒட்டாமல் போயிருக்கலாம். நம் ஊரிலிருந்து போனவர்களை அது கையைப் பிடித்து இழுத்துவிட்டது. இத்தனை வருடத் தொழிலில், ஒரு சொல் பொருந்தவில்லை என்பதற்காகத்தான் கவலைப்பட்டிருக்கிறேன். இவ்வளவு நன்றாகப் பொருந்திவிட்டதே என்று திகைத்து நின்றது அன்று ஒருநாள்தான்.

அண்ணாச்சி வந்ததும் காட்டினோம். முழுவதும் படித்தார். பிறகு அட்டவணையை வரவழைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். பிரசன்னாவைக் காணொளியில் அழைக்கச் சொன்னார்.

பிரசன்னா மறுக்கவில்லை. அதுதான் எங்களுக்கு முதல் அதிர்ச்சி. இரண்டு பத்திகளையும் வாங்கிக்கொண்டார்கள், எதைப் பயன்படுத்துவது என்பது வாடிக்கையாளரின் விருப்பம், எங்களுக்குச் சேர வேண்டியது வந்து சேர்ந்ததா இல்லையா என்று பொறுமையாகக் கேட்டார். அண்ணாச்சி கேள்வியை மாற்றவே இல்லை. வாடிக்கையாளர் யார் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் பிரசன்னா எங்களுக்குத் தைரியம் சொல்கிற குரலில் சொன்னார்:

"பயப்படாதீங்க சார். ஏதோ ஏமாத்துக்காரங்க இல்ல. க்ளையன்ட் ஒரு கவர்ன்மென்ட்தான்."

எந்த அரசு என்றும் சொன்னார். அந்தப் பெயர் இங்கே வராது. நானும் அண்ணாச்சியும் சங்கரபாண்டியனும் நட்பு நாடு என்று மெச்சிப் பேசி வந்த நாடு என்பது மட்டும் போதும்.

திரை அணைந்தது. ஒரு திருடன் செய்திருந்தால் காவல் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அரசுதான் என்று ஆறுதல் சொல்கிறார்களே, இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்டெல்லா அக்கா மாதிரி ஒரு தையல்காரியை முதல் ஓட்டுப் போடவிடாமல் வீட்டில் உட்கார வைக்க, கடலுக்கு அப்பால் ஓர் அரசு அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அன்று மாலை சங்கரபாண்டியனை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். அரசாங்க விவகாரம் தெரிந்தவன், யாருக்கு எழுதலாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். ரோஸ்லின் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் சிவந்தது. நாற்காலியின் கையைத் தட்டினான். எந்த நாட்டுக்காரப் பய என்று கேட்டான். நான் பெயரைச் சொன்னேன்.

தட்டிக்கொண்டிருந்த கையை அவன் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "நம்ம கூட்டாளிதான அத்தான்" என்றான். "அவன் செஞ்சா ஒரு காரணம் இருக்கும்."

நான் அதிர்ந்துபோனேன். முந்தின நாள் ஐந்தருவியில் அடுப்புச் சட்டியைப் பற்றிப் பேசிய அதே வாய். ஆனால் அவனை முட்டாள் என்று தள்ளிவிட முடியாது. தன் பக்கத்து நியாயத்தை அவன் தெளிவாகவே சொன்னான்.

"நீங்க கையக் கட்டிக்கிட்டு இருந்தா எதிரி சும்மா இருப்பானா? அங்கன அவன் எப்பவோ இறங்கி வேல பாக்கான். நாளைக்கு அவனுக்குத் தோதான ஆளு வந்து உக்காந்தா, துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கப்போறது நீங்க இல்ல, எங்க பயலுவதான். நாட்ட நேசிக்கவன் இதெல்லாம் பாத்துத்தான் ஆவணும். நீங்களும் பழைய ஒழுங்கு, நாட்டு நலன்னு பேசுத ஆளுதான?"

அண்ணாச்சி அவனிடம் கைபேசியைக் கேட்டார். முந்தின வாரம் நம் நாட்டுத் தேர்தலைப் பற்றி அவன் எங்கள் எல்லாருக்கும் கோபமாக அனுப்பிய பதிவு அதில் இருந்தது. அண்ணாச்சி டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, திரையில் அவன் குற்றம் சாட்டியிருந்த நாட்டின் பெயர் இருந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். "படிங்க தம்பி, சத்தமா" என்றார்.

சங்கரபாண்டியன் படித்தான். மக்களின் தீர்ப்பைத் திருடுவது போருக்குச் சமம் என்று இருந்தது. பொய்யை விதைத்து ஏழைகளைப் பயமுறுத்தும் கோழைகள் என்று இருந்தது. அந்த இடத்தில் அவன் குரல் தாழ்ந்தது. அண்ணாச்சி விரலை எடுக்கவில்லை.

"இதே தாளு தம்பி. இதே எழுத்து. இந்தத் துண்டுக்கு அடியில இருக்க பேரு ஒண்ணுதான் வேற. அதுக்காக எழுத்த மாத்தணும்ங்கியளா?"

"எதிரி செய்யுதானே அண்ணாச்சி, அதுக்கு என்ன சொல்லுதிய?"

"எதிரி செய்யுததப் பிடிச்சு ஊரறியச் சொல்லுங்க. நான் சும்மாவே மொழிபெயர்த்துத் தாரேன். என் பேரு போட்டு, முத்திரை வெச்சுத் தாரேன். இது பேரில்லாத வேல. ஒரு சர்க்கார் அதுக்க சொந்த ஊர்க்காரன் கிட்ட பொய் சொன்னா, அடுத்த தேர்தல்ல அவன் இறக்கிவிட்டுருவான். அடுத்த ஊர்க்காரன் கிட்டப் போயி பொய் சொன்னா, அவன் யார இறக்குவான்? அவனுக்கு அங்க ஓட்டு இருக்கா?" துண்டை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, "வெளியூர்ல இத நல்லாப் பழகின சர்க்காரு, உள்ளூருக்கு வந்தா மறந்துருமா?" என்றார்.

சங்கரபாண்டியன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. பழைமை பேசுகிறவர்களுக்குள் இந்த இடத்தில் ஒரு பிளவு இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒருவருக்குப் பழைமை என்றால் நம் பக்கம் ஜெயிப்பது. இன்னொருவருக்கு அது, நம் பக்கமும் தாண்டக் கூடாத ஒரு வரப்பு. அரசாங்கத்தின் கை நீளக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் கை கடல் தாண்டி ஒரு தையல்காரியின் வீட்டுக்குள் நீளும்போது மட்டும் கைதட்டுவது எந்த வகையில் சேரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அண்ணாச்சி மறுநாளே அந்த முகமையோடு கணக்கை முடித்தார். அந்த நாட்டுத் தேர்தல் அலுவலகத்துக்கு இரண்டு பத்திகளையும் இணைத்துத் தன் பெயர், முத்திரையோடு எழுதினார். கடிதம் வந்து சேர்ந்தது என்று இயந்திரம் அனுப்பும் பதில் மட்டும் வந்தது. அக்காவிடம் ரோஸ்லின் முதலில் உண்மை முழுவதையும் சொல்லவில்லை. அது வதந்தி, நம்பாதே என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். தன் கையால் எழுதியது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அக்காவும் பிடி கொடுக்காமல் ஏதோ பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

தேர்தல் ஆடியில், ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு அரை நாள் வேலை. ரோஸ்லின் காலையில் வந்ததும், இன்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். நானும் அண்ணாச்சியும் பக்கத்திலேயே நின்றோம். அக்கா எடுத்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அக்கா, அந்த அம்மா பேசுததா வந்திச்சுல்லா, அத எழுதினது நாந்தான். எங்க ஆபீஸ்ல எழுதினது. அதுல ஒரு வரி கூட உண்ம கெடையாது. நீ போயி ஓட்டுப் போடு."

அக்காவின் குரல் வந்தது, ஆச்சரியத்தோடு.

"ஏட்டி, நீயா எழுதின? அப்ப உண்மையாத்தான இருக்கும். நீ பொய் எழுத மாட்டியே."

ரோஸ்லின் அழுதுவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு இடப்பக்கம், வலப்பக்கம், விளக்கம், முகமை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. காசு கொடுத்தது ஓர் அரசாங்கம் என்பதையும் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் குரலில் இருந்த செல்லம் போய்விட்டிருந்தது.

"சரிட்டீ. இப்ப நீ சொல்லுதியே, இத யாரு எழுதிக் குடுத்தா?"

ரோஸ்லின் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணாச்சி குனிந்து, கைபேசிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், தன் பெயர், தகப்பனார் பெயர், தெரு, அலுவலகம் எல்லாவற்றையும் சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். ரோஸ்லின் சொல்வது சத்தியம், பயப்படாமல் போகலாம் தாயி என்றார்.

அக்கா மரியாதையாகவே பதில் சொன்னார். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி. அந்த அம்மாவயும் தெரியாதுதான். இங்கன எல்லாப் பேப்பரையும் சேத்து வாங்குததுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போயிட்டா ஒங்க யாராலயும் வாங்கித் தர முடியாது."

வேறு என்ன சொல்ல முடியும்? வைத்துவிட்டார்.

அக்கா அன்று ஓட்டுப் போடவில்லை. அதைப் பிறகு ஒருநாள் ரோஸ்லினிடம் அவரே சொல்லியிருக்கிறார். வாக்குச்சாவடி அவர் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற ஒரு பள்ளிக்கூடம். யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்க, புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை ஜன்னலோரம் நின்றிருக்கிறார். உள்ளே போன எல்லோரும் விரலில் மையோடு திரும்பி வந்தார்களாம்.